முதல் அழைப்பு விழா

சின்னவளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அவள் சின்னவள்தான். அக்காவும் தங்கையுமாக ஒரே நாளில் தறி மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது மேஸ்திரி வைத்த பெயர் அது. அக்கா பெரியவள், இவள் சின்னவள். மில் மூடிப்போனது, மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தார், பெயர் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

அந்த மில்லில் வேலை பார்த்தவர்களிடம் ஒரு தனி வித்தை உண்டு. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஆகவே அங்கே யாரும் தொண்டையைச் செலவழிப்பதில்லை. வாயை அகலமாக அசைத்து, கையால் நாலு சாடை சேர்த்து, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குப் பேசிவிடுவார்கள். யார் வீட்டில் சண்டை, எவளுடைய மாமியார் எப்படி, மேஸ்திரி இன்று எந்த முகத்தோடு வந்திருக்கிறார், எல்லாம் சத்தமே இல்லாமல் ஊர்வலம் போகும். அதற்கு மில் பாஷை என்று பேர். மேஸ்திரிகளுக்கு அது கடைசிவரை பிடிபடவே இல்லை.

பெரியவள் தறிக்கு நேர் எதிரே நின்றவள். சம்பளம் வாங்கிக்கொண்டு காதைக் கொடுத்துவிட்டாள். இப்போது தூரத்து ஊரில் மகள் வீட்டில் இருக்கிறாள். சின்னவள் பக்கத்து வீட்டில் இருந்து போன் பண்ணினால், "யாரு?" என்பாள். "நான்தான்க்கா." "யாரு?" "சின்னவ!" "இங்க அப்படி யாரும் இல்லீங்க." வைத்துவிடுவாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி சின்னவள் கத்தியும் அக்காவுக்கு மட்டும் கேட்கவில்லை. கடைசியில் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஊமைக் காயமாக உள்ளுக்குள் அது வலித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் சின்னவளின் மகன் அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். முகம் பார்த்துப் பேசலாமாம். முகம் தெரிந்தால் போதுமே, வாய் தெரியுமே, காது எதற்கு? சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. "எப்படிப் போடணும், சொல்லுடா" என்றாள். மகன் லாரி ஓட்டுகிறவன், வாரக்கணக்கில் வெளியூர் போகிறவன், எப்போதும் கிளம்பும் அவசரத்திலேயே இருப்பவன். "இங்க குடு. இப்படி, இப்படி, அப்புறம் இப்படி. அவ்வளவுதாம்மா."

"எப்படி எப்படி?"

"அதான் காட்டினேனே!" என்றான். அவன் விரல் போன வேகத்தில் ஈ கூட உட்கார முடியாது. அன்றைக்கென்று அக்கா வீட்டில் யாரும் எடுக்கவுமில்லை. மறுநாள் அவன் லாரியோடு போய்விட்டான். போகும்போது, "பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு ஆபீஸ் இருக்கும்மா. வயசானவங்களுக்கு இலவசமா சொல்லித் தர்றாங்களாம்" என்று ஒரு வழி காட்டிவிட்டுப் போனான்.

அந்த அலுவலகத்தின் பெயர் மூத்தோர் மின்னணு அச்சம் அகற்றும் இயக்ககம். பெயர்ப்பலகை வாசலைவிட அகலம். அதைப் படித்து முடிப்பதற்குள்ளேயே சில மூத்தோருக்கு அச்சம் வந்துவிடுவதாகச் சொல்வார்கள்.

உள்ளே குமாஸ்தா பரிவோடு வரவேற்றார். "உக்காருங்கம்மா. போன்னா உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இல்லையே."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? எங்க அமுக்கணும்னு தெரியல. தெரிஞ்சா அமுக்கப் போறேன்."

"அது அறியாமைம்மா. நாங்க அச்சம் மட்டும்தான் அகற்றுறோம். அறியாமைக்குத் தனி இயக்ககம் வரப்போகுது, இன்னும் கட்டடம் கிடைக்கல. பயமே இல்லாத ஆள்கிட்ட இருந்து நாங்க எதை அகற்றுறது, நீங்களே சொல்லுங்க." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உலகத்துல எதுக்குமே நீங்க பயந்ததில்லையா?"

"கரப்பான்பூச்சின்னா கொஞ்சம்..."

"அது உங்க போன் மேல ஏறுச்சுன்னா?"

"அய்யோ!"

"அப்ப இருக்கு" என்று சொல்லி, 'கடும் அச்சம்' என்று எழுதிக்கொண்டு குமாஸ்தா கை நீட்டினார். "போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"சான்றிதழ் வாங்காதவங்க கையில போன் இருக்கக் கூடாதும்மா. எங்க இரும்பு அலமாரியில பத்திரமா இருக்கும். வண்டி ஓட்டத் தெரியாதவங்க கையில வண்டியைக் குடுப்பாங்களா?"

"வண்டியில உக்காராம எப்படி ஓட்டக் கத்துக்கிறது?"

"ரொம்ப நல்ல கேள்வி" என்று குமாஸ்தா மனதாரப் பாராட்டினார். போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பேசத் தெரியாத போன் கையில் இருந்து என்ன பயன் என்று சின்னவளும் சும்மா இருந்துவிட்டாள். அது அவள் செய்த தப்பு.

மறுநாள் வகுப்பு. ஆளுக்கொரு அட்டை போன் கொடுத்தார்கள். நிஜ போன் அளவுக்கே வெட்டி, பட்டனெல்லாம் வண்ணத்தில் அச்சடித்த அட்டை. முதலில் எல்லோரும் எழுந்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி, "இந்த விரலால் எனக்குத் தெரியாத எதையும் தொட மாட்டேன்" என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால் யாரும் எதையும் தொடவில்லை. அந்த உறுதிமொழி அங்கே அப்பழுக்கில்லாமல் காப்பாற்றப்பட்டு வந்தது.

பிறகு பயிற்றுநர் வந்தார். வந்தார் என்பதைவிடக் கதவில் மோதிக்கொண்டார் என்பது சரி. கண்ணில், எண்ணெய் பூசியதுபோல் மங்கலான ஒரு கண்ணாடி, காதில் பஞ்சு, கையில் தடித்த கையுறை. முதியவர்களின் கஷ்டத்தைப் பயிற்றுநர்கள் உள்ளூர உணர வேண்டும் என்று தலைமையகத்தில் இருந்து உத்தரவு. பாவம், இளவயதுக்காரர். பலகை எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"இது... போன்!" என்று கத்தினார். "பயப்படாதீங்க! இன்னைக்குக் கையில் எடுத்தல்! அடுத்த வாரம், கீழே வைத்தல்!"

"தம்பி, நாங்க இந்தப் பக்கம் இருக்கோம்" என்றாள் சின்னவள்.

"என்னது? பயமா இருக்கா?"

கடைசியில் முதியவர்களே எழுந்து போய் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார்கள். முதியவர்களுக்கும் பயிற்றுநருக்கும் இடையே இருக்கும் இந்தப் பாசத்தை இயக்ககத்தின் ஆண்டறிக்கை தனியாகக் குறிப்பிட்டிருந்தது.

வகுப்பில் பாதிப் பேர் பழைய மில் ஆட்கள். பாய்லர் ரூமில் இருந்த மீசைக்காரர் அடுத்த பெஞ்சில் இருந்தார். மீசை நரைத்திருந்தாலும் முறுக்கு குறையவில்லை. பயிற்றுநர் ஜன்னலிடம் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் பாட்டுக்கு மில் பாஷையில் பேசிக்கொண்டார்கள்.

"எத்தனையாவது தடவை வர்றீங்க?" என்று சின்னவள் வாயசைத்தாள்.

"மறந்துபோச்சு. ஒவ்வொரு தடவையும் புதுசா சேத்துக்குவாங்க. மறுபடியும் பயம் வந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

"இன்னுமா கத்துக்கல?"

"நாம கத்துக்கிட்டா ஆள் குறையும். ஆள் குறைஞ்சா இதை மூடிடுவாங்க. இவங்கெல்லாம் எங்க போவாங்க? பிள்ளைகுட்டிக்காரங்க, பாவம்" என்றார் மீசைக்காரர். "தவிர, ஃபேன் நல்லா சுத்துது."

சத்தமே வராததால் அந்த வகுப்புக்கு 'மிகவும் கவனமுள்ள வகுப்பு' என்று ஒரு கேடயம் கிடைத்தது. பயிற்றுநர் அதைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. சின்னவள் அட்டை போனைக் கையில் எடுப்பதிலும் கீழே வைப்பதிலும் முதல் மாணவியாக வந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டு போனுக்கு அக்கா மகள் பேசினாள். "சித்தி, உங்க பையன் விஷயத்தைச் சொன்னதுல இருந்து அம்மா தினமும் போனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. சின்னவ முகத்தோட வருவா, முகத்தோட வருவான்னு. சார்ஜ் போடக்கூடக் குடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க எப்ப வருவீங்க?"

சின்னவள் சாப்பிட உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை. காது கேட்காத அக்கா அந்த வீட்டில் எத்தனை நாளாக ஒரு வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருப்பாள்? மகள் பேசுவது அவளுக்குப் புரியாது. மகள் மில்லில் வேலை பார்த்தவள் இல்லை. போன் நம்முடையது, நாமே கொண்டுபோய்ப் பூட்டக் கொடுத்தோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மறுநாள் நேரே இயக்குநர் அறைக்குள் போய்விட்டாள்.

"எனக்குச் சான்றிதழ் வேணாங்க. என் போனைக் குடுங்க. எங்க அக்காகூடப் பேசணும்."

இயக்குநர் நாகரிகமானவர். எழுந்து நின்றார். "அம்மா, உங்களைப் போன்ற மூத்தோர்தான் இந்தச் சமுதாயத்தின் பொக்கிஷம். பொக்கிஷத்தை நாம என்ன செய்வோம்? பூட்டித்தானே வைப்போம்?"

"அவளுக்குக் காது கேக்காது. முகத்தைப் பாத்துதான் பேச முடியும்."

இயக்குநர் கண் பளிச்சென்றது. "காது கேக்காதா? சுத்தமா?"

"சுத்தமா."

"பிரமாதம்!" என்றார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "அதாவது, ரொம்ப வருத்தமான விஷயம். விழாவுக்குப் பிரமாதம்" என்றார்.

ஆண்டுக்கு ஒருமுறை இயக்ககம் நடத்துவது முதல் அழைப்பு விழா. ஒரு மூத்தவர் மேடையில், எல்லோர் முன்னாலும், தன் வாழ்வின் முதல் காணொளி அழைப்பைச் செய்வார். பெரிய திரையில் அது தெரியும். சிறப்பு விருந்தினர் கை தட்டுவார். போன வருடம் தேர்ந்தெடுத்த கிழவர் மேடையிலேயே தூங்கிவிட்டதால், இந்த வருடம் கண்ணீர் வரக்கூடிய ஆளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். விழாவில் அழைப்பு வெற்றி பெற்றால் அன்றே சான்றிதழ், அன்றே போன் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்தார். சின்னவள் சரி என்றாள். அக்காவைப் பார்க்க மேடை ஏறச் சொன்னாலும் ஏறுவாள், கூரை ஏறச் சொன்னாலும் ஏறுவாள்.

ஒத்திகை நடந்தது. பயிற்றுநர் அவளிடம் வசனம் சொல்லிக் கொடுத்தார். "அக்கா முகம் தெரிஞ்சதும் நீங்க சொல்லணும்: 'ஐயோ! இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள என் அக்கா எப்படி வந்தா?'"

"அவ எதுக்குப் பெட்டிக்குள்ள வரணும்? அவ வீட்டுல இருக்கா."

"ஆச்சரியப்படணும்மா. அறிவியல் அதிசயம் இல்லையா?"

"நான் டிவி பாத்திருக்கேன் தம்பி."

"என்னது? பயமா இருக்கா? பரவாயில்ல. கண்ணீர் வந்தா சிறப்பு விருந்தினர் பக்கம் திரும்பிக்கோங்க. அங்கதான் கேமரா."

விழா நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. பழைய மில் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேடை நடுவே பெரிய நாற்காலியில் சிறப்பு விருந்தினரான துறைச் செயலாளர் நிறைந்து உட்கார்ந்திருந்தார். இயக்குநர் வரவேற்றுப் பேசினார். "நாங்க தொடங்கின வருஷம் இந்த ஊர்ல அச்சமுள்ள மூத்தோர் சொற்பம். இடைவிடாத உழைப்பால இன்னைக்கு அவங்க எண்ணிக்கை பல மடங்கு. அடுத்த வருஷம் இதை இரட்டிப்பாக்குவோம்!" பலத்த கைத்தட்டல்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "எனக்கும் அம்மா இருக்காங்க. வயசானவங்க. தினமும் போன் பண்ணுவாங்க. எடுத்துப் பேச எனக்கு நேரமே கிடைக்கிறதில்ல. ஏன்? முதியோர் நலனுக்காக அந்த அளவுக்கு உழைக்கிறேன்!" சொல்லிவிட்டு அவரே நெகிழ்ந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

சின்னவளின் போனை அலமாரியில் இருந்து ஒரு தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அவளிடம் இன்னும் சான்றிதழ் இல்லை என்பதால், பயிற்றுநர் அன்றைக்கு மட்டும் கண்ணாடியையும் கையுறையையும் கழற்றிவிட்டுத் தானே எண்ணைப் போட்டார். "நீங்க விரலை மேல வெச்ச மாதிரி வெச்சுக்கோங்கம்மா. பட்டுடாம பாத்துக்கோங்க." சின்னவள் விரலைக் காற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை அவள் கையில் கொடுத்தார்கள்.

திரையில் முதலில் ஒரு நெற்றி வந்தது. அப்புறம் ஒரு மூக்குத் துவாரம். அப்புறம் போன் தள்ளிப் போய், பெரியவள் முழுசாக வந்தாள். முடி வெளுத்து, கன்னம் ஒட்டி, ஆனால் அதே அகலமான வாய்.

சின்னவள் வசனத்தைச் சொல்லவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. அதுவும் செயலாளர் பக்கம் திரும்பாமல், அக்காவைப் பார்த்தே வந்தது. பயிற்றுநர் சைகை காட்டிக் காட்டிக் கை ஓய்ந்தார்.

அப்போதுதான் இயக்குநர் கவனித்தார். "சத்தம்? சத்தம் எங்க?"

சத்தம் வரவில்லை. ஒருவர் ஒயரைப் பிடுங்கி மாட்டினார். இன்னொருவர் ஸ்பீக்கரைத் தட்டினார். குமாஸ்தா மேஜைக்கு அடியில் போனார். மேடை முழுக்க ஓட்டம். இந்தக் களேபரத்துக்கு நடுவில் அக்காவும் தங்கையும் பேச ஆரம்பித்தார்கள்.

"ஏன்டி இத்தனை நாளா வரல?" என்றது பெரியவளின் வாய், திரை முழுக்க.

"போனைப் பூட்டி வெச்சுட்டாங்கக்கா."

"யாரு?"

"இதோ ஓடிக்கிட்டிருக்காங்களே, இவங்கதான்."

"எதுக்கு?"

"எனக்குப் போன் பேசச் சொல்லித் தர."

பெரியவள் விரலை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுற்றினாள். "பைத்தியக்காரங்களா?"

"இல்லக்கா. உத்தியோகஸ்தங்க."

மண்டபத்தில் மில் ஆட்கள் இருந்த பக்கம் குபீரென்று சிரிப்பு எழுந்தது. செயலாளர் திடுக்கிட்டார். பிறகு மக்கள் மகிழ்ச்சியாக இருப்பதைக் கண்டு அவரும் சிரித்து, திரையைப் பார்த்துக் கையசைத்தார்.

"யாருடி அது, பூசணிக்காய்க்குச் சட்டை போட்ட மாதிரி?" என்று கேட்டுக்கொண்டே பெரியவளும் மரியாதையாகக் கையசைத்தாள். சிரிப்பில் மீசைக்காரருக்குப் புரையேறியது.

இயக்குநர் திரைக்கு முன்னால் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "ஹலோ! அம்மா! நாங்க பேசுறது கேக்குதா? கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க!"

"இவன் ஏன்டி வாயை மீன் மாதிரி திறந்து திறந்து மூடுறான்? ஒரு எழுத்துகூடப் புரியல" என்றாள் பெரியவள். "அவனை விடு. என் மாப்பிள்ளை பண்ற கூத்தைக் கேளு." அவள் கேட்கச் சொல்ல, சின்னவள் கேட்க, கூடவே மண்டபத்தில் பாதியும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டது. மாப்பிள்ளை ராத்திரியில் விடும் குறட்டை தன் செவிட்டுக் காதுக்கே கட்டில் வழியாக ஏறுகிறது என்று அவள் நடித்துக் காட்டியபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. மைக்கை எடுத்தார். "மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களே, பெரியோர்களே. எதிர்பாராத கோளாறு காரணமா இன்றைய அழைப்பு தோல்வியடைஞ்சதைத் தெரிவிச்சுக்கிறேன். காது கேக்காத ஒரு சகோதரிக்குத் தங்கையோட குரலைக் கேக்கவைக்க நாங்க எடுத்த முயற்சி நிறைவேறல. இந்த அம்மா மறுபடி அடிப்படை வகுப்பில், கையில் எடுத்தலில் இருந்து தொடங்குவாங்க. அடுத்த வருஷம் வெற்றி நிச்சயம்."

குமாஸ்தா காலித் தட்டோடு சின்னவளை நோக்கி வந்தார். "போனை வைங்கம்மா. அலமாரி திறந்திருக்கு."

சின்னவள் போனை நெஞ்சோடு அணைத்தாள். ஒரு வருடமா? இன்னொரு மழைக்காலமா? அக்காவுக்கும் தனக்கும் இனி எத்தனை மழைக்காலம் மிச்சம்? போனைத் திரும்ப முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"யாருடி பின்னாடி தட்டோட வர்றது?" என்றாள் பெரியவள்.

"போனைப் பிடுங்க வர்றாங்கக்கா."

பெரியவள் வாயைத் திறந்தாள். மில் பாஷையில் அதைவிடப் பெரியதாக ஒரு சொல்லை யாரும் சொல்லியிருக்க முடியாது. திரையின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரைக்கும் விரிந்த அந்த வாயைப் பார்த்து, மண்டபத்தில் இருந்த மில் ஆட்கள் எல்லோரும் தங்களை அறியாமல் ஒரே குரலில் கத்தினார்கள்:

"ஓடு!"

கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. இயக்குநர் முகம் மலர்ந்தது. "ஆ! சத்தம் வந்துடுச்சு!" என்று கத்தினார். செயலாளர் எழுந்து நின்று கை தட்டினார். பயிற்றுநர் காதில் இருந்த பஞ்சை அப்போதுதான் எடுத்தார்.

சின்னவள் ஓடினாள். ஓட்டம் என்றால் எழுபது வயது முழங்காலுக்கு எது ஓட்டமோ அது. நடைபாதையில் நாற்காலிகள் தானாக விலகி அவளுக்கு வழிவிட்டன, குமாஸ்தாவுக்கு மட்டும் தானாகக் குறுக்கே வந்தன. வாசலைத் தாண்டி, பெயர்ப்பலகையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து போனைப் பார்த்தாள்.

அக்கா இல்லை. திரை வெறுமையாக இருந்தது. உள்ளே இருந்தபோது கிடைத்த இயக்ககத்து இணைப்பு வெளியே வந்ததும் அறுந்து, போன் தன் சொந்த இணைப்புக்கு மாறியதில் அழைப்பு நின்றுவிட்டது. அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அக்கா போய்விட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. இத்தனை நாளாக எவ்வளவோ பேர் தேடியும் கிடைக்காத அந்தப் பயம் இப்போது நிஜமாகவே வந்தது. தொட்டால் ஏதாவது ஆகிவிட்டால்? அக்கா திரும்ப வராமலே போய்விட்டால்?

திரையில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் அக்காவின் முகம். வேறு என்ன இருக்கிறது என்று சின்னவள் பார்க்கவில்லை. கன்னத்தைத் தொடுவதுபோல் அந்த முகத்தைத் தொட்டாள்.

மணி அடித்தது. நெற்றி வந்தது. மூக்கு வந்தது. பெரியவள் வந்தாள்.

"மாட்டிக்கிட்டியா?"

"தப்பிச்சுட்டேன்."

"அப்ப இது யாரு போட்டது?"

"நான்தான்க்கா" என்றாள் சின்னவள். "நானே போட்டேன்."

சுற்றிலும் பஸ்கள் உறுமின. ஹாரன் காதைப் பிளந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு தன் போனில், "ஹலோ! கேக்குதா? ஹலோ! ஒண்ணுமே கேக்கலையே!" என்று அலறிக்கொண்டிருந்தார்.

பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாயை மெதுவாக அசைத்தாள்.

"பேசுடி. நல்லா கேக்குது."